எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியக் கூட்டம் என்று நினைத்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது ஆங்கிலத்தில் எஸ் என்ற எழுத்தின் பக்கத்தில் மேலே நிற்கும் அபாஸ்ட்ரஃபி என்ற சின்னக் குறியைப் பற்றி. அதிலும் பாதியைப் பற்றித்தான். அபாஸ்ட்ரஃபிக்கு வேறு வேலைகளும் உண்டு. டோன்ட், கான்ட் போன்ற சுருக்கங்களில் விடுபட்ட எழுத்துக்கு அடையாளமாக நிற்பது அவற்றில் ஒன்று. அதையெல்லாம் விட்டுவிடுவோம். பலர் சேர்ந்து ஒன்றை உடையவர்களாக இருக்கும்போது ஆங்கிலம் அதை எப்படி எழுதுகிறது, எங்கே எழுதத் தயங்குகிறது, எங்கே எழுதாமலே விடுகிறது என்பது மட்டும் போதும். ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

மேடையில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவற்றை இந்த அச்சு வடிவத்தில் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். குறி மட்டும் ஆங்கிலத்தில் எங்கே நிற்குமோ அங்கேயே நிற்கிறது. கரும்பலகை இல்லாமல் இந்தப் பேச்சைப் பேசியிருக்கவே முடியாது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அரசியின் பெயரைத் தாங்கிய கல்லூரி ஒவ்வொன்று இருக்கிறது. வாயால் சொன்னால் இரண்டும் க்வீன்ஸ் காலேஜ்தான். எழுதும்போதுதான் பிரிகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பது 1341இல் ராபர்ட் டி எகிள்ஸ்ஃபீல்ட் என்ற பாதிரியார் நிறுவியது. மூன்றாம் எட்வர்டின் மனைவி பிலிப்பாவைச் சிறப்பிக்க அந்தப் பெயரை வைத்தார். அரசி ஒருவர், ஆகவே எஸ்ஸுக்கு முன்னால் குறி, க்வீன்’ஸ். கேம்பிரிட்ஜில் கதை வேறு. 1448இல் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் ஒரு கல்லூரியை நிறுவினார். பிறகு ரோஜாப் போர்கள் வந்தன. ஹென்றியின் கையிலிருந்து அரியணை போய்விட்டது. 1465இல் அதே கல்லூரியை நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில் மீண்டும் நிறுவி ஆதரித்தார். ஒருவருடைய கணவரை அரியணையிலிருந்து இறக்கியவர் மற்றவருடைய கணவர். அந்த இரண்டு அரசியரையும் ஒரே வாசலில் சேர்த்து நிறுத்தியிருக்கிறது கேம்பிரிட்ஜின் எழுத்து: எஸ்ஸுக்குப் பின்னால் குறி, க்வீன்ஸ்’ காலேஜ்.

இதோடு விட்டால் அழகான கதை. ஆனால் கல்லூரியின் முறையான முழுப்பெயரைப் பார்த்தால், புனித மார்கரெட், புனித பெர்னார்டு ஆகியோரின் க்வீன்’ஸ் கல்லூரி என்று ஒருமையில் தொடங்கி, பொதுவாக க்வீன்ஸ்’ கல்லூரி என்று அழைக்கப்படுவது என்று பன்மையில் முடிகிறது. ஒரே பெயருக்குள் ஓர் அரசியும் இருக்கிறார், இரண்டு அரசியரும் இருக்கிறார்கள். இந்தக் குறி எல்லாக் காலத்துக்கும் பொதுவான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்றால் இங்கே தடுக்கி விழுவோம். யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து, எத்தனை அரசியர் என்று யோசித்து, குறியை நகர்த்தியிருக்கிறார்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். பன்மை உடைமைக் குறியைக் காதால் கற்க முடியாது. அது ஒலியில் இல்லை. எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் தீர்மானித்துத்தான் அதை வைக்க வேண்டும். நாம் அதை ஒரு விதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் தீர்மானத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

ஒலியில் இல்லாமல் போனது எப்படி? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இருந்தது. கல்லுக்கு அப்போது ஸ்டான் என்று பெயர். கல்லினது என்றால் ஸ்டானெஸ். கற்கள் என்றால் ஸ்டானாஸ். கற்களினது என்றால் ஸ்டானா. மூன்றும் மூன்று விதமாகக் காதில் விழுந்தன. கவனியுங்கள், பன்மை உடைமையில் அன்றைக்கு எஸ்ஸே கிடையாது. நார்மானியர் 1066இல் வந்து இறங்குவதற்கு முன்பே சொற்களின் கடைசி உயிரொலிகள் மங்கத் தொடங்கியிருந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் எல்லாம் தேய்ந்து, மூன்றுக்கும் ஒரே முடிவு நின்றது. இன்றைக்கு ராஜாக்கள், ராஜாவினுடைய, ராஜாக்களுடைய என்ற மூன்றுக்கும் ஆங்கிலேயரின் வாயில் ஒரே ஒலிதான்: கிங்ஸ்.

எழுத்திலும் வெகுகாலம் இந்த வேறுபாடு இல்லை. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் பெருந்தொகுப்பில் தி விண்டர்ஸ் டேல் என்ற நாடகத் தலைப்பில் குறி இல்லை; எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம் தலைப்பிலும் இல்லை. பிரெஞ்சு அச்சுக்காரர்களிடமிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த குறி, எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்ட மட்டும் பயன்பட்டது. ஒருமை உடைமையில் அது ஒழுங்காக நிற்கத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். பன்மையில், எஸ்ஸுக்குப் பின்னால், நிலைத்தது அதற்கும் நூறு ஆண்டு கழித்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். நாம் கல்லில் பொறித்ததாக நினைக்கும் இந்த விதிக்கு வயது இருநூற்றுச் சொச்சம்தான். நம் ஊரில் அதைவிட மூத்த ஓட்டு வீடுகள் இருக்கின்றன.

இடையில் ஒரு வேடிக்கை நடந்தது. உடைமையைக் காட்டும் எஸ், ஹிஸ் என்ற சொல்லின் சுருக்கம் என்று படித்தவர்களே நம்பினார்கள். பென் ஜான்சனின் நாடகம் ஒன்று 1605இல் செஜானஸ் ஹிஸ் ஃபால் என்ற தலைப்போடு அச்சானது. ஸ்பெக்டேட்டர் இதழில் அடிசனும் இந்த விளக்கத்தை ஏற்று எழுதினார். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இதை மறுத்தார். பெண்ணின் அழகு என்பதற்கு வுமன்’ஸ் என்று எழுதுகிறோமே, அங்கே ஆண்பாலான ஹிஸ் எப்படி வரும் என்பது அவருடைய வாதம். நான் பன்மையிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். சில்ரன்’ஸ் என்பதில் எந்த ஹிஸ் ஒளிந்திருக்க முடியும்? இந்தப் பழைய விளக்கம் இன்றும் சில வகுப்பறைகளில் உலவுகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எஸ்ஸுக்குப் பின்னால் வரும் குறி எதைக் காட்டுகிறது? இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மாமியாருக்கு மதர்-இன்-லா. பல மாமியார்கள் என்றால் மதர்ஸ்-இன்-லா. பன்மை எஸ் முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மாமியார்களுடைய என்றால் மதர்ஸ்-இன்-லா’ஸ். உடைமை எஸ் கடைசிச் சொல்லோடு ஒட்டுகிறது. இங்கே இரண்டு எஸ்ஸும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. சில்ரன், மென், விமன் போன்ற எஸ் இல்லாத பன்மைகளிலும் உடைமை எஸ் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கிங்ஸ், டீச்சர்ஸ், பாய்ஸ் என்று ஏற்கெனவே பன்மை எஸ்ஸில் முடியும் சொல்லோடு இன்னொரு எஸ் வந்து மோதும்போது, ஆங்கில வாய் இரண்டையும் சொல்ல மறுத்து ஒன்றை விழுங்கிவிடுகிறது. விழுங்கப்பட்ட அந்த இரண்டாவது எஸ்ஸின் இடத்தைக் காட்டத்தான் குறி பின்னால் நிற்கிறது. டீச்சர்ஸ்’ என்று எழுதும்போது, இங்கே இன்னொரு எஸ் இருந்திருக்க வேண்டும், வாய் சொல்லாவிட்டாலும் கண் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால், நம் பள்ளிகளில் ஓதப்படும் வாய்ப்பாடு எவ்வளவு ஓட்டை என்பது தெரியும். குறி எஸ்ஸுக்கு முன்னால் வந்தால் ஒருமை, பின்னால் வந்தால் பன்மை என்று மனப்பாடம் செய்கிறோம். நம் நாட்டுச் சட்டப் பெயர்களே இதைப் பொய்யாக்குகின்றன. 1923இல் வந்த சட்டத்துக்குப் பெயர் வொர்க்மென்’ஸ் காம்பென்சேஷன் ஆக்ட். குறி எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் தொழிலாளர் பலர். பன்மை மென் என்பதிலேயே முடிந்துவிட்டது. 1948இல் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும், 1952இல் வந்த வருங்கால வைப்புநிதிச் சட்டத்திலும் எம்ப்ளாயீஸ்’ என்று குறி பின்னால் நிற்கிறது. அங்கேயும் பலர். பிறகு 2009இல் ஒரு திருத்தம் வந்து, 1923 சட்டத்தின் பெயரில் இருந்த வொர்க்மென்’ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டு எம்ப்ளாயீ’ஸ் என்று வைத்தது. ஈ ஈ, அதன்பின் குறி, அதன்பின் எஸ். கூட்டமாக இருந்த தொழிலாளர்கள் போய் ஒற்றைத் தொழிலாளர் வந்துவிட்டார்.

இது அச்சுப் பிழையல்ல, திருத்தம் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயரே அதுதான். விபத்தில் கை இழந்த அந்த ஒருவருக்கு அல்லவா இழப்பீடு, அவருக்கு ஒருமைதான் பொருத்தம் என்று வாதாடலாம். வைப்புநிதியோ எல்லோரும் போட்டு வைத்திருக்கும் பொதுப் பை, அதற்குப் பன்மைதான் சரி என்றும் வாதாடலாம். இரண்டு வாதமும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆனால் பணியாளர் ஒருவரிடம் இரண்டு சட்டங்களின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், குறியை இரண்டிலும் சரியான இடத்தில் வைப்பவரை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். சம்பளப் பட்டியல்களில் பெரும்பாலும் குறியே இருப்பதில்லை.

குறியே இல்லாமல் இருப்பது பிழையா? இதுதான் இரண்டாவது கேள்வி, முதல் கேள்வியைவிடச் சிக்கலானது. எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. அவர்கள் உடையவர்களா என்பது இரண்டாவது.

அமெரிக்காவில் நவம்பர் 11ஆம் தேதி வெட்டரன்ஸ் டே. 1954 வரை அதற்கு ஆர்மிஸ்டிஸ் டே என்று பெயர். முன்னாள் படைவீரர்களைப் போற்றும் அந்த நாளின் பெயரில் அபாஸ்ட்ரஃபி கிடையாது. அந்த நாள் படைவீரர்களுக்குச் சொந்தமானதல்ல, படைவீரர்களைப் போற்றுவதற்கான நாள் என்பது அந்நாட்டு அரசுத் துறை தரும் விளக்கம். அங்கே வெட்டரன்ஸ் என்பது உடையவரின் பெயராக நிற்கவில்லை, நாளின் வகையைச் சொல்லும் அடையாக நிற்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் பெயரிலும் குறி இல்லை. ஆசிரியர்களுடைய கல்லூரி அல்ல, ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி. அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்களின் சங்கமான ரைட்டர்ஸ் கில்டு குறி இல்லாமல் இருக்கிறது. நாடக நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ்’ ஈக்விட்டி குறியோடு இருக்கிறது. செய்தித்தாள்களுக்கு வழிகாட்டும் அசோசியேட்டட் பிரஸ் கையேடு, பன்மைச் சொல் வெறும் அடையாக வந்தால் குறி வேண்டாம் என்கிறது. புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு, நிறுவனத்தின் பெயர் வேறு மாதிரி இருந்தாலொழிய குறியைப் போடு என்கிறது. ஆகவே உழவர் சந்தை செய்தித்தாளில் ஃபார்மர்ஸ் மார்க்கெட், புத்தகத்தில் ஃபார்மர்ஸ்’ மார்க்கெட். ஒரே மனிதர் இரண்டுக்கும் எழுதினால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

தமிழ் படித்த நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. ஆசிரியர் அறை, பெண்கள் பள்ளி, உழவர் சந்தை என்று நாம் எழுதுவதெல்லாம் தொகைகள். உருபு மறைந்து கிடக்கிறது. விரித்தால் ஆசிரியர்களுடைய அறை என்று ஆறாம் வேற்றுமையாகவும் விரியும், ஆசிரியர்களுக்கான அறை என்று நான்காம் வேற்றுமையாகவும் விரியும். விரிக்கும் வேலை வரும்வரை தமிழ் வாய் திறப்பதில்லை. நம் அரசுப் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் பாய்ஸ், கேர்ல்ஸ் ஹையர் செகண்டரி ஸ்கூல் என்று குறி இல்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்து ஆங்கிலம் தெரியாதவர்கள் என்று நகைப்பவர்கள், அதே இலக்கணத்தில்தான் கொலம்பியாவும் பலகை வைத்திருக்கிறது என்பதை அறிய வேண்டும். ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் எழுதியவரும் தப்பு செய்யவில்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு. விமன்ஸ் ஹாஸ்டல் என்று குறி இல்லாமல் எழுதினால் எந்தக் கையேடும் காப்பாற்றாது. பாய்ஸ் என்று ஒரு பன்மைச் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் அது அடையாக நிற்கலாம். விமன்ஸ், சில்ரன்ஸ், மென்ஸ் என்று குறியில்லாத சொற்களே ஆங்கிலத்தில் இல்லை. அவற்றில் எஸ் உடைமைக்காக மட்டுமே வந்தது. சென்னையில் 1915இல் தொடங்கிய கல்லூரி விமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜ் என்று சரியாக எழுதிக்கொள்கிறது. துணிக்கடைப் பலகைகளில் பாதிக்குமேல் சறுக்குவது இந்த மூன்று சொற்களில்தான்.

இன்னொரு வேறுபாடும் நமக்குக் கைகொடுக்கும். நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு உருபு சொல்லும்போது, உடைமைப் பொருள் ஒன்றா பலவா என்று பார்க்கிறது. எனது கை, என கைகள். உடையவர் எத்தனை பேர் என்பது அங்கே உருபை மாற்றுவதில்லை. ஆங்கிலக் குறி நேர் எதிர். பொருள் எத்தனை என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, உடையவரைத்தான் எண்ணுகிறது. நம் மாணவர்கள் பலர் பொருளை எண்ணிக் குறியை நகர்த்துகிறார்கள். ஒரு பையனுக்கு நான்கு புத்தகங்கள் இருந்தால், புத்தகங்கள் பல என்று பார்த்து பாய்ஸ்’ புக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். விடைத்தாளில் இந்தத் தவறைப் பார்த்தால் சிவப்பு மையை எடுப்பதற்கு முன், எதை எண்ணினாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பொருளின் எண்ணிக்கை வேறோர் இடத்தில் நம்மைச் சிக்க வைக்கும். மாணவர்கள் தங்கள் பெயரை எழுதினார்கள் என்று தமிழில் ஒருமையில் சொன்னால் யாரும் ஆளுக்கொரு பெயர் இல்லையா என்று கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஸ்டூடன்ட்ஸ்’ நேம்ஸ் என்று பொருளையும் பன்மையாக்க வேண்டும். விமன்’ஸ் ஹஸ்பண்ட் என்று ஒருமையில் எழுதினால் அந்தப் பெண்கள் அனைவருக்கும் கணவர் ஒருவரே என்று ஆகிவிடும். தசரதனைப் பற்றி எழுதும்போது மட்டும் சரியாக இருக்கும்.

உடையவர்கள் இரண்டு தனிப்பெயர்களாக வந்தால் குறியின் எண்ணிக்கையே பொருளை மாற்றும். கில்பர்ட் அண்ட் சல்லிவன்’ஸ் ஆப்ராஸ் என்று கடைசிப் பெயரில் மட்டும் ஒரு குறி; ஒருவர் பாட்டெழுத மற்றவர் இசையமைக்க, சேர்ந்து உருவாக்கியவை. ஷேக்ஸ்பியர்’ஸ் அண்ட் மார்லோ’ஸ் பிளேஸ் என்று இரண்டு குறி; அவரவர் நாடகம் அவரவருக்கு. கூட்டுச் சொத்தா தனிச் சொத்தா என்பதைப் பத்திரம் இல்லாமலே சொல்லிவிடுகிறது.

இனி நம் எல்லோருக்கும் பழக்கமான ஓர் ஆவணத்துக்கு வருவோம், விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதால் எனக்கு டூ டேஸ் லீவ் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒரு சொல்கூட மாறாமல் வரும் இந்தக் கடிதத்தில் குறி இருக்கிறதா? இருக்க வேண்டும். ஒரு நாள் விடுப்பு ஒன் டே’ஸ் லீவ். இரண்டு நாள் விடுப்பு டூ டேஸ்’ லீவ். நாள்கள் எப்படி விடுப்பை உடையவை என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் காலமும் அளவும் உயிருள்ளவற்றைப் போல் உடைமைக் குறி ஏற்கும். மேசைகளின் கால்கள் என்பதற்கு டேபிள்ஸ்’ லெக்ஸ் என்று எழுத ஆங்கிலேயர் தயங்குவார். டேபிள் லெக்ஸ் என்று ஒட்டிவிடுவார். ஆனால் டென் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ் என்று தயங்காமல் எழுதுவார். 1337இல் தொடங்கி 1453இல் முடிந்த போர் ஹண்ட்ரட் இயர்ஸ்’ வார். நூறு ஆண்டு என்பது கணக்கில் தப்பு, குறி மட்டும் சரி.

2002இல் ஹாலிவுட்டில் டூ வீக்ஸ் நோட்டீஸ் என்று ஒரு படம் வந்தது. வேலையை விடுவதற்குக் கொடுக்கும் இரண்டு வார முன்னறிவிப்பு. சுவரொட்டியில் குறி இல்லை. நிறுத்தக்குறிகளைப் பற்றி 2003இல் ஒரு நூல் எழுதிப் பெரும் விற்பனை கண்ட லின் டிரஸ், ஒரு குச்சியின் நுனியில் பெரிய அபாஸ்ட்ரஃபியைச் செருகிக்கொண்டு போய் அந்தச் சுவரொட்டியில் சரியான இடத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு அந்த ஆவேசம் இல்லை. டூ-வீக் நோட்டீஸ் என்று இணைகோடு போட்டு ஒருமையாக்கிவிட்டால் சண்டையே இல்லை. மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுதான். ஐயம் வந்தால் எ டூ-டே லீவ் என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் விதியைத் தேடாதீர்கள், வரலாற்றைத் தேடுங்கள் என்பதற்கு இரண்டு உதாரணம். அமெரிக்காவில் அன்னையர் தினத்தைத் தொடங்கி வைத்த அன்னா ஜார்விஸ், மதர்’ஸ் டே என்று ஒருமையில்தான் எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் அனைவரையும் மொத்தமாகக் கும்பிடும் நாள் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் தாயை நினைக்கும் நாள் என்பது அவர் எண்ணம். 1914இல் அதிபர் வில்சன் அறிவித்தபோதும் ஒருமையே நின்றது. இந்தியாவில் 1962 முதல் ராதாகிருஷ்ணன் பிறந்தநாளில் கொண்டாடும் ஆசிரியர் தினமோ பன்மை, டீச்சர்ஸ்’ டே. அவர் தன் பிறந்தநாளைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆசிரியர் எல்லோருக்கும் கொடுத்தார் என்பதை நினைத்தால், அங்கே குறியை முன்னால் தள்ளி ஒருவருக்கே சொந்தமாக்குவது அவர் கொடுத்ததைப் பிடுங்குவது போல.

இன்னோர் உதாரணம் பஞ்சாங்கம். அமெரிக்காவில் வானிலையும் விதைப்புக் காலமும் சொல்லும் இரண்டு ஆண்டிதழ்கள் நெடுங்காலம் போட்டியாளர்களாக இருந்தன. 1792இல் தொடங்கியது ஓல்டு ஃபார்மர்’ஸ் அல்மனாக், ஓர் உழவர். 1818இல் தொடங்கியது ஃபார்மர்ஸ்’ அல்மனாக், உழவர் பலர். கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டால் ஓல்டு என்ற சொல்லைச் சேர்க்காமல் எது வேண்டும் என்று புரியவைக்க முடிந்ததில்லை.

குறியின் இடம் காசைத் தொடும் இடமும் உண்டு. 2020இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீட்டுமனை முகவர் ஒருவர், வேறொரு முகவரைக் குறித்து முகநூலில் எழுதினார். கோடிக்கணக்கில் வீடு விற்கிறார், ஆனால் எம்ப்ளாயீஸ் ஓய்வூதிய நிதியைக் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. குறி போடவில்லை. அவதூறு வழக்கு வந்தது. தன் ஒருவனுக்கு வர வேண்டிய பணத்தைத்தான் சொன்னேன் என்றார் எழுதியவர். 2021இல் மாவட்ட நீதிமன்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். ஒருவருக்குக் கட்டாமல் விட்டது வேறு. பன்மையாகப் படித்தால் பலருக்கும் கட்டாமல் விடுவதையே வழக்கமாக வைத்திருக்கிறார் என்று பொருள்படும், அது இன்னும் கடுமையான பழி. ஈ ஈ எழுதிய பின் ஒரு குறி விழுந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமிருந்திருக்காது. ஒருவரா பலரா என்பதை நீதிபதியே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும், இந்தக் குறியே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். அமெரிக்காவில் 1890இல் அமைந்த இடப்பெயர் வாரியம், பொது நிலத்தின் பெயர்களில் அபாஸ்ட்ரஃபியைத் தவிர்க்கிறது; உடைமைக் குறி வந்தால் அது யாருக்கோ சொந்தமானது என்று தோன்றும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். மார்த்தா’ஸ் வின்யார்டு உட்பட ஐந்தே இடங்களுக்கு விலக்கு. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 2009இல் தெருப் பலகைகளிலிருந்து குறியை எடுத்தது. வாட்டர்ஸ்டோன்’ஸ் புத்தகக்கடை 2012இல் இணையத்தில் எழுத எளிது என்று வாட்டர்ஸ்டோன்ஸ் ஆனது. நம் சென்னையில் 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் குறி இல்லாமலே புத்தகம் விற்று வருகிறது. லண்டன் சுரங்க ரயிலில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு, அடுத்து வரும் பேரன்ஸ் கோர்ட் நிலையத்துக்கு இல்லை. பயணிகள் யாரும் இதனால் தவறான இடத்தில் இறங்கியதில்லை. க்வீன்ஸ்’ கல்லூரி இருக்கும் அதே கேம்பிரிட்ஜில், நகர்மன்றம் புதிய தெருப் பெயர்களில் குறி வேண்டாம் என்று முடிவெடுக்க, சிலர் மார்க்கர் பேனாவோடு போய்ப் பலகைகளில் குறியைப் போட்டுவிட்டு வந்தார்கள். 2014இல் நகர்மன்றம் முடிவைத் திரும்பப் பெற்றது.

பலகையில் எடுக்கலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெயர் ஒரு முத்திரை. வைத்தவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே நாமும் எழுதுவோம். வாக்கியத்துக்குள் அப்படி விட முடியாது. மை சிஸ்டர்ஸ் ஃப்ரெண்ட்ஸ் ஹவுசஸ் என்று குறி இல்லாமல் எழுதினால் அக்கா ஒருவரா இருவரா, தோழி ஒருவரா பலரா என்று நான்கு விதமாகப் படிக்கலாம். பேசும்போது முகம் பார்த்து, அடுத்த வாக்கியம் கேட்டுப் புரிந்துகொள்கிறோம். தாளில் முகம் இல்லை.

கடைசியாக, இங்கே விடைத்தாள் திருத்துகிறவர்கள் பலர் உட்கார்ந்திருப்பதால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரையில் மாணவி டீச்சர்ஸ் டே என்று குறி இல்லாமல் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைக்காதீர்கள். அடையாக எழுதுவதற்குச் சான்றுகள் இருக்கின்றன. டீச்சர்’ஸ் டே என்று எழுதியிருந்தால் ஓரத்தில், எத்தனை ஆசிரியர், என்று ஒரு கேள்வி எழுதுங்கள். சில்ரன்ஸ் டே என்று குறி இல்லாமல் எழுதியிருந்தால் குறைக்கலாம். டூ டேஸ்’ லீவ் என்று பின்னால் குறி போட்டு ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் யோசித்து வைத்த குறியாக இருக்கக்கூடும். அரை மதிப்பெண் கூடப் போடுங்கள்; பல்கலைக்கழகம் கேட்டால் என்னைக் கை காட்டுங்கள்.